சட்டைப்பைக்குள் அடங்கியவள்

“‘அது உங்க கழுத்துல தொங்குதா, நீங்க அதோட கழுத்துல தொங்குறீங்களா?’ இதான் அந்த எமல்டா கேட்ட கேள்வி. ஒரு எழுத்து நான் கூட்டல, குறைக்கல. என் மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டா!”

பீரோவின் நடுத்தட்டில் உட்கார்ந்தபடி பெரிய கேமரா கொதித்துக்கொண்டிருந்தாள். மூலையில் மூன்று கால்களையும் மடக்கிச் சாய்ந்திருந்த முக்காலி பயந்துபோய்க் கேட்டான்.

“அதுக்கு ஐயா என்ன சொன்னாங்க அக்கா?”

“என்ன சொன்னாரா? தோளைத் தடவிக்கிட்டுச் சிரிச்சார்!”

“சிரிச்சா சரின்னு அர்த்தம்” என்றாள் தோள்பை. அவளுக்கு ஜிப் பிய்ந்து ஒரு வருடம் ஆகிறது. அதிலிருந்து வாய் மூடுவதே இல்லை.

இவர்கள் இருந்தது தூத்துக்குடியில், ஒரு மாடி வீட்டில், ஒரு பச்சைப் பீரோவில். அதன் நடுத்தட்டு பதினோரு வருடமாகப் பெரிய கேமராவுக்கு மட்டும். பட்டுப்புடவைகளே மேல்தட்டில் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்துப் படுத்திருக்க, இவளுக்குத் தனித் தட்டு, கீழே வெல்வெட் துணி, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பொட்டலம். கடற்காற்றில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடித்துவிடும் என்று வாரந்தோறும் சூசைநாதன் இவளைக் கையில் ஏந்தி, கண்ணில் மெல்ல ஊதி, பஞ்சு போன்ற துணியால் ஒற்றியெடுப்பார். மனைவி எமல்டா டைபாய்டில் படுத்திருந்த வாரத்தில்கூட அந்தச் சேவை நிற்கவில்லை.

அதனால் இந்த வீட்டுக்குப் பெரியவள் தான்தான் என்று அவள் முடிவுகட்டியிருந்ததில் தப்பொன்றும் இல்லை. எமல்டா அவளுக்கு வைத்திருந்த பெயர் வேறு. “உங்க சக்களத்தியைத் தூக்கிட்டுக் கிளம்பியாச்சா?” என்பாள், சனிக்கிழமை காலைகளில்.

வம்பு தோளில் ஆரம்பித்தது. துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் சூசைநாதனின் இடது தோள் இறுகிக்கொண்டது. கழுத்தில் கனம் தொங்கவிடக் கூடாது என்றார் டாக்டர். அதே வாரத்தில் மஸ்கட்டிலிருந்து மகள் ஜெசிந்தா போன் செய்தாள். முப்பதாவது கல்யாண நாளுக்கு இரண்டு பேரும் ஒன்பது நாள் சிக்கிம் போய் வர டிக்கெட் எடுத்துவிட்டாளாம். “அம்மா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க” என்றாள்.

எமல்டா வீடு முழுக்கத் தேடினாள். இருபதாயிரம் படங்கள் இருந்தன. மீன்கொத்தி இருந்தது, மீன்கொத்தியின் வாயில் மீன் இருந்தது, மீனின் வாலில் தண்ணீர்ச் சொட்டு இருந்தது. கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்த படம் ஒன்றே ஒன்று: பேங்க் பாஸ்புக்கில், மேலே சீல் குத்தி, அவள் பாதி முகம் நீலமாக.

“இவருக்கு நானே ஒரு சின்னக் கேமரா வாங்கித் தர்றேன்” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

*

கடைக்குப் பெரியவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். “ஒப்பிட்டுப் பார்க்கணும்லா” என்றார் சூசைநாதன். தன் வீட்டுக்கு வரப்போகிறவளைப் பெண் பார்க்கிற இடத்துக்குத் தன்னையே சாட்சிக்குக் கூட்டிப்போன கொடுமையைப் பெரியவள் பிற்பாடு பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

கண்ணாடி மேஜைமேல் விற்பனைப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “மேடம், இதுல முப்பது மடங்கு ஜூம் வருது, இதுல…”

“ஜூம் இருக்கட்டும்மா. இங்க குடு.”

எமல்டாவின் பரிசோதனை வேறு மாதிரி இருந்தது. இடது கையில் குடையையும் பையையும் தூக்கிக்கொண்டு வலது கையால் மட்டும் ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்தாள். பித்தான் கட்டைவிரலுக்கு எட்டவில்லை என்று ஒன்றைத் தள்ளினாள். “சோப்புக்கட்டி மாதிரி வழுக்குது” என்று இன்னொன்றைத் தள்ளினாள். கைப்பைக்குள், ஜெபமாலைக்கும் கண்ணாடிக்கூட்டுக்கும் நடுவில் நுழையாத இரண்டு, நின்ற இடத்திலேயே தோற்றன. கடைசியில் மிஞ்சியதை எடுத்து, கடை என்றும் பார்க்காமல், புருஷனின் சட்டைப்பையில் போட்டாள்.

“குனிஞ்சு நிமிருங்க.”

“ஏட்டி, எல்லாரும் பார்க்காங்க.”

“பார்க்கட்டும். குனிங்க.”

அவர் குனிந்து நிமிர்ந்தார். அது விழவில்லை. பை தொங்கவில்லை. நெஞ்சின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

கழுத்து வாரில் ஆடிக்கொண்டிருந்த பெரியவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினோரு வருடத்தில் அவளுக்குக் கழுத்துக் கிடைத்திருக்கிறது, தோள் கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்திருக்கிறது. நெஞ்சு கிடைத்ததில்லை. வந்த முதல் நாளே இந்தத் துக்கடாவுக்கு அது கிடைத்துவிட்டது.

*

அன்று சாயங்காலம் நடுத்தட்டில் பெரியவளுக்குப் பக்கத்தில் சின்னவளை வைத்தார்கள்.

“கொஞ்சம் நகர்றீங்களா அக்கா?”

“நகர மாட்டேன்.”

“பரவால்ல, எனக்கு இந்த இடமே போதும்” என்று சின்னவள் பொட்டலத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அந்தப் பணிவுதான் பெரியவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு வருகிறவளைச் சமாளிக்கலாம். நகர்ந்துகொள்கிறவளை என்ன செய்வது?

“உன் கண்ணு எம்மாத்திரம்? பொட்டுக்கடலை அளவு. எதைப் பார்ப்பே நீ?”

“பக்கத்துல இருக்கிறதைப் பார்ப்பேன் அக்கா.”

“பக்கத்துல இருக்கிறதைப் பார்க்க ஒரு கேமரா எதுக்குடி? அரை மைல் தூரத்துல ஒரு நாரை சிறகு கோதினா, எத்தனையாவது இறகைக் கோதுதுன்னு சொல்வேன் நான்.”

“அப்படியா!” சின்னவள் மனதாரத்தான் வியந்தாள். “அக்கா, எமல்டாம்மாவை நீங்க எடுத்த படம் ஏதாவது…”

“அவளை எதுக்கு எடுக்கணும்?” பெரியவள் வெடித்தாள். “எப்போதும் இடப்பக்கமோ வலப்பக்கமோ நின்னு ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருப்பா. அவ குரல் எனக்குப் போதும்.”

சின்னவள் பொட்டலத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

அப்போது வெளியே சூசைநாதனின் குரல் கேட்டது. “சனிக்கிழமை உப்பளத்துக்குப் போவோம். ரெண்டையும் கொண்டுபோவோம். எது நல்லா எடுக்குதோ அது சிக்கிம் வரட்டும். தோளை நான் பார்த்துக்கிடுதேன்.”

“சரி” என்றாள் எமல்டா. “ஆனா பறவை படம் வச்சு முடிவுபண்ணக் கூடாது. நம்ம ரெண்டு பேர் படம். கேமராவுக்கு ஒரு படம். அவ்வளவுதான்.”

பெரியவள் சிரித்த சிரிப்பில் பீரோக் கதவு அதிர்ந்தது. “கேட்டியா? போட்டியாம்! எனக்கும் இதுக்கும்!”

“அக்கா, ஆளை எடுக்கணுமாம். பார்த்து” என்றான் முக்காலி.

“நீ உன் காலைப் பாரு.”

*

சனிக்கிழமை காலை உப்பளத்தில் பாத்திகள் எல்லாம் கண்ணாடித் துண்டுகளாக மின்னின. வரப்பில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். தூரத்துப் பாத்தியில் பூநாரைகள் வரிசையாக ஒற்றைக்காலில் நின்றன.

முதல் முறை பெரியவளுக்கு. சூசைநாதன் முக்காலியை விரித்து, அவளை மேலே ஏற்றி, எமல்டாவை வரப்பில் நிற்கவைத்து, அவள் முகத்துக்குக் குறிவைத்தார். பத்து விநாடி கழித்துத் தானே படமெடுக்கும்படி முடுக்கிவிட்டு ஓடினார். பெரியவளின் நெற்றியில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது.

பத்து, ஒன்பது, எட்டு.

நடுவில் எமல்டா. எந்தப் பக்கமும் ஒதுங்காமல், பெரியவளின் கண்ணுக்கு நேராக. ‘இவளையா? என் கண்ணால் இவளையா?’ என்று பெரியவள் பொருமினாள். அவர் ஓடிவந்து பெண்டாட்டியின் தோள்மேல் கை போட்டார். வலிக்கிற கை. அந்தக் கையை உயர்த்தும்போது அவர் முகம் சுருங்கியதும், எமல்டா சற்றுக் குனிந்து கொடுத்ததும் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

ஐந்து, நான்கு.

அவர்களுக்குப் பின்னால், வெகுதூரத்தில், ஒரு பூநாரை சிறகை விரித்தது. உள்ளே ரோஜா நிறம் பளீரென்றது.

பெரியவளின் லென்ஸ் வளையம் தானாகச் சுழன்றது. பழக்கம் பாதி, பொறாமை பாதி.

“அக்கா, வேண்டாம்!” கீழேயிருந்து முக்காலி பதறினான்.

க்ளிக்.

அடுத்தது சின்னவள். எமல்டா அவளைப் புருஷனின் வலது கையில் கொடுத்தாள். “கையை நீட்டுங்க. இன்னும் நீட்டுங்க. உங்க கட்டைவிரலை எடுங்க முதல்ல!” அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் கை ஆடியது. கை ஆடியதில் எமல்டாவும் சிரித்துவிட்டாள். க்ளிக்.

“தலை வெட்டுப்பட்டிருக்கும்” என்று முக்காலியின் மேலிருந்தபடி பெரியவள் அறிவித்தாள். “வரப்பு சாய்ஞ்சிருக்கும். கட்டைவிரல் ஓரத்துல நிச்சயம் இருக்கும்.”

மூன்றும் அப்படியே இருந்தன.

*

வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தார்கள். பெரியவள், முக்காலி, சின்னவள் மூவரும் மேஜைமேல் இருந்தார்கள்.

முதலில் பெரியவளின் படம் வந்தது. சூசைநாதன் எழுந்தே நின்றுவிட்டார். “எமி, இறகைப் பாரேன்! ஒவ்வொண்ணும் தனித்தனியா! யப்பா, என்ன நிறம்!”

பெரியவள் நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். எமல்டா மடியில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் இறங்கியது. “நாம எங்க?”

“முன்னால நிக்கிறோமே. அதோ, கரைஞ்ச ஐஸ்கிரீம் மாதிரி ரெண்டு. இடது பக்கம் நீங்க. சந்தேகமா இருந்தா வேட்டியைப் பாருங்க.”

அவர் அடுத்த படத்தைப் போட்டார். வரப்பு சாய்ந்திருந்தது. அவர் நெற்றிக்கு மேல் தலை இல்லை. ஓரத்தில் இளஞ்சிவப்பாகக் கட்டைவிரல். திரையை நிறைத்துக்கொண்டு ஒரு பெண் சிரித்தாள். காதோரம் நரை. ஒரு பல் லேசாக முன்னால் வந்து கீழுதட்டைத் தொட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்திருந்தது.

“யாருடா இவ?” என்று பெரியவள் முக்காலியைக் கேட்டாள்.

“என்னக்கா கேள்வி இது? எமல்டாம்மா.”

பெரியவள் பதினோரு வருடம் பொறாமைப்பட்டிருக்கிறாள். சீட்டுக்கு, தோளுக்கு, சனிக்கிழமைகளுக்கு. யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாளோ அவளை ஒரு தடவையும் கண் நிறுத்திப் பார்த்ததில்லை.

சூசைநாதனும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கண்ணாடி மாத்திட்டியா எமி?”

“போன ஈஸ்டருக்கு.”

“சொல்லவே இல்லையே?”

“மூக்குமேலதானே போட்டிருந்தேன். தனியா வேற சொல்லணுமா?”

அவர் அந்தப் படத்தை மாற்றவில்லை. பீன்ஸ் உரித்து முடிகிறவரை அப்படியே விட்டிருந்தார்.

*

கிளம்புகிற நாள் வந்தது. சூசைநாதன் பெரியவளை வழக்கத்தைவிடப் பக்குவமாகத் துடைத்தார். நாள்கணக்கில் சும்மா இருக்கப்போகிறாள் என்று பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்தார். புதுப் பொட்டலம் போட்டார். வெல்வெட் துணியால் மூடினார். சின்னவளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“வர்றேன் அக்கா” என்றாள் சின்னவள், பைக்குள்ளிருந்து.

போய்த் தொலை என்று சொல்லத்தான் பெரியவள் நினைத்திருந்தாள். வேறு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்பதற்கு மானம் விடவில்லை. பீரோச் சாவி திரும்பியது. பெட்டிச் சக்கரங்கள் படிப்படியாகத் தடதடத்து இறங்கின. “கேஸை மூடினீங்களா?” என்று எமல்டாவின் குரல். பிறகு ஆட்டோச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் பெரியவளுக்கு மானம் விட்டது.

“சின்னவளே! போறதுக்கு முன்னால எமல்டாவை ஒரு நிமிஷம் என் முன்னால நிக்கச் சொல்லேன். வேற எங்கயும் பார்க்க மாட்டேன்.”