படுத்துருச்சு

மில் மூடிய பிறகு அந்த ஊரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரே பதில்தான்: "வியாபாரம் படுத்துருச்சு." இந்தத் தீபாவளிக்குச் சரியாகும், அடுத்த தீபாவளிக்குச் சரியாகும் என்று பார்த்தார்கள். பிறகு தீபாவளியை எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

பாத்திரக்கடை தில்லைநாயகமும் அதைச் சொல்லத்தான் ஒருநாள் காலையில் மடத்துக்கு வந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அவருக்குப் போக வேறு இடம் கிடையாது.

குரு மாட்டுத்தொழுவத்தில் இருந்தார். கன்று போட்ட பசு ஒன்று எழ முடியாமல் கிடந்தது.

"சாமி, வியாபாரம் படுத்துருச்சு."

"தெரியும். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க."

தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். வாய் மட்டும் நிற்கவில்லை.

"கடையைச் சாத்திரலாம்னு இருக்கேன். அந்தோணியம்மாவை இனிமே வர வேண்டாம்னு நேத்துச் சொல்லிட்டேன். கடை திறந்த நாள்லருந்து என்கூட இருக்கிறவங்க. ஒரு வார்த்தை பேசல, சாமி. பாத்திரம் துடைக்கிற துணியை அலசிக் காயப்போட்டுட்டுப் போயிட்டாங்க."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பாவம், ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார். குரு அவர் தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"கஷ்டம்தான்," என்றார். "இப்போ தள்ளுங்க."

இருவரும் சேர்ந்து பசுவை மறுபக்கம் புரட்டினார்கள். அது என்ன லேசான மாடா! தில்லைநாயகத்துக்கு மூச்சு வாங்கியது, சட்டையெல்லாம் சாணி. அடியில் மாட்டிக் கிடந்த கால் இப்போது மேலே வந்திருந்தது. குரு உட்கார்ந்து அதைத் தேய்க்கத் தொடங்கினார்.

"டாக்டர் பார்த்தாரா, சாமி?"

"ஊசி போட்டுட்டுப் போயிட்டார். நேத்தும் இப்படித்தான் புரட்டிப் போட்டோம்."

"புரட்டினா எழுந்திருக்குமா?"

"எழுந்திருக்காது."

தில்லைநாயகத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

குரு தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எப்போ எழும்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உடம்புல தெம்பு வந்தா அதுவா எழும். அந்த நேரம் பார்த்து காலு மரத்துப் போயிருந்தா?"

தில்லைநாயகம் மெல்ல உட்கார்ந்து, பசுவின் இன்னொரு காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவரும் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். பிறகு எழுந்து தொட்டியில் கை கழுவினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அந்தோணியம்மா வீட்டுக்கு, சாமி. அரை நாளாவது வரச் சொல்லணும். துடைக்காம விட்டா பாத்திரமெல்லாம் கறுத்துப் போயிரும்."

"சரி, போயிட்டு மத்தியானம் வந்துருங்க," என்றார் குரு. "மாட்டை மறுபடி புரட்டணும்."