கட் வரிசை மாற்றாத கதை

அந்தக் காலத்தில், கணினியின் கறுப்புத் திரைக்குள் குடியிருந்த கட்டளைகளுக்கெல்லாம் வாய் இருந்தது. கூப்பிட்டால் "என்ன சார்?" என்று கேட்கும், முடித்தால் "ஆச்சு சார்" என்று சொல்லும், வேலை இல்லாத நேரத்தில் ஊர்வம்பு பேசும். அவற்றில் பொடிசு, கட் (cut) என்ற கட்டளை. காற்புள்ளி கண்ட இடத்தில் வரியை வெட்டி, கேட்ட கட்டத்தை எடுத்து நீட்டுவது அதன் பிழைப்பு. ஆள் சிறிசானாலும் ரோஷம் பெரிசு.

அந்த வருஷம் ஆழிக்குப்பத்தில் பெருவெள்ளம். மீனவர்கள் படகை ஊருக்குள்ளேயே ஓட்டிவந்து, கூரைமேல் நின்ற ஜனங்களை இறக்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் ஒரு பட்டியல் தயாரானது. வரிக்கு மூன்று கட்டம்: துடுப்புப் போட்டவர் பெயர், படகின் சொந்தக்காரர் பெயர், தெரு. முதல் பெயருக்குப் பதக்கம், இரண்டாம் பெயருக்கு நன்றிக் கடிதம் என்று மேலிடத்து உத்தரவு.

முதல் வரியில் மரியபுஷ்பம் இருந்தாள். பதினொரு பேரை இறக்கியவள். கடைசி நடையில் சுவர் இடிந்து விழுந்து வலக்கை ஒடிந்துபோனது. அவள் ஓட்டிய படகின் சொந்தக்காரரோ அன்றைக்கு மாடியில் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியல் நாலு மணிக்குள் போயாக வேண்டும். மூன்றே முக்காலுக்கு அலுவலர் ஞானசிகாமணி விசைப்பலகை முன் வந்து உட்கார்ந்தார்.

"டேய் கட், ரெண்டாவது கட்டத்தை முன்னால போடு. முதலாவதைப் பின்னால தள்ளு."

"எதுக்கு சார்?"

"படகுச் சொந்தக்காரங்கல்லாம் பெரிய மனுஷங்க. அவங்களுக்குப் போய் வெறும் கடுதாசியா? மெடல் அங்க போகட்டும்."

கட்டுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் யார் எதைக் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் வெட்டிக் கொடுத்திருக்கிறது. ஆனால் இது பச்சைத் திருட்டு.

முந்நூற்றுச் சொச்சம் வரியையும் ஒரே மூச்சில் வெட்டித் திரையில் கொட்டியது. ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் மரியபுஷ்பம், அடுத்துதான் படகுக்காரர்.

"ரெண்டு, ஒண்ணுன்னுதானே கேட்டேன்?"

"கேட்டீங்க சார்."

மறுபடி தட்டினார். மறுபடியும் மரியபுஷ்பமே முன்னால் வந்தாள்.

பக்கத்தில் இருந்த ஆக் (awk) என்ற இன்னொரு கட்டளை குறுக்கே வந்தது. எந்தக் கட்டத்தையும் எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் போடத் தெரிந்த கெட்டிக்காரக் கட்டளை அது. "தம்பி, நமக்கேன் வம்பு? சொன்னதைச் செஞ்சுட்டுப் போயேன்."

"நீங்க வேணா செய்யுங்கண்ணே. அந்தப் பொம்பளை ஒடிஞ்ச கையோட உக்காந்திருக்கா. அவ பேரை என் கையால பின்னால தள்ள மாட்டேன்."

ஞானசிகாமணி ஆக்கைக் கூப்பிட்டார். ஆனால் ஆக்கிடம் வேலை வாங்குவது லேசா? மேற்கோள் குறி, நெளிவு அடைப்புக்குறி, டாலர் குறி எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார வேண்டும். அவர் ஒன்றைத் திறந்தால் இன்னொன்றை மூட மறந்தார். "புரியலையே சார்" என்று ஆக் தலையைச் சொறிந்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து.

கோபம் முழுக்கக் கட்டின் மேல் திரும்பியது. "உன்னை அழிச்சுப் போட்டுடுவேன்!"

"தாராளமா அழிங்க. நாளைக்கு வர்ற ஆயிரம் பட்டியலையும் நீங்களே உக்காந்து வெட்டுங்க."

அது நிஜம் என்று அவருக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்போ உனக்கு இனிமே பேச்சே கிடையாது!" என்று அதன் வாயைப் பறிக்கப் போனார்.

"பேச்சை எடுத்துக்கோங்க சார். வரிசையை எடுக்க முடியாது."

அதுதான் கட் கடைசியாகப் பேசியது; அடுத்த நொடியே அதன் வாய் போய்விட்டது. அதைப் பார்த்த மற்றக் கட்டளைகளும் அரண்டுபோய் அடக்கி வாசிக்கத் தொடங்கின.

மணி நாலு அடித்தது. பட்டியல் இருந்தபடியே போனது. மரியபுஷ்பம் இடக்கையை நீட்டிப் பதக்கம் வாங்கினாள். படகுக்காரர் வீட்டுக்குக் கடுதாசி போய்ச் சேர்ந்தது.

அன்று முதல்தான், இரண்டாவதை முன்னால் கேட்டுப் பத்துத் தடவை தட்டினாலும் கட் முதலாவதையே முன்னால் எடுத்து வைக்கிறது. ஏன் என்று கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்காது.