யாரும் காணாத கரையும் மூன்று முட்டைகளும்

கழிமுகத்துக்கு வெளியே, கடலுக்குள் நீண்டு கிடந்த மணல் திட்டில் ஓர் ஆலாப் பறவை மூன்று முட்டைகள் இட்டிருந்தது.

ஆலாவுக்குக் கூடு கட்டும் வழக்கம் கிடையாது. காலால் மணலைக் கொஞ்சம் தள்ளும், வயிற்றால் அழுத்தும், முட்டையிடும். அவ்வளவுதான். முட்டையும் கூழாங்கல் போலவே இருக்கும். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாலும் தெரியாது. பருந்தை ஏமாற்ற இது நல்ல ஏற்பாடு. ஆனால் காலுக்குக் கண் ஏது? தெரியாமல் யாராவது மிதித்தால் போச்சு!

அதுவரை அந்தக் கவலை வந்ததில்லை. திட்டில் குடியிருந்தவை நண்டுகள். எந்த முட்டை எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு போய்விடும்.

குஞ்சு பொரிக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. அப்போதுதான் அந்தப் படகு வந்து சேர்ந்தது.

உள்காட்டில் வசதியாக வாழ்ந்த சில மிருகங்களுக்குப் பொழுது போகவில்லை. அதைத் தெரிந்துகொண்ட ஒரு நரி, எங்கிருந்தோ ஒரு சின்னப் படகைப் பிடித்தது. தாழை மடலில் தொப்பி செய்து போட்டுக்கொண்டு தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொண்டது.

"ஆறு நாள் உல்லாசப் பயணம்! யாரும் காணாத கரை! யாரும் மிதிக்காத மணல்! முதல்ல மிதிக்கப்போறது நீங்கதான்!" என்று காடெல்லாம் கூவியது.

ஒரு மயில், ஒரு மந்தி, ஒரு காட்டுப்பன்றி, மூன்றும் ஏறிக்கொண்டன. படகு தள்ள ஒரு நீர்நாய். கேப்டன் நரி அதற்கு முன் கடலைப் பார்த்ததே இல்லை. அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை. கரையோரமே பிறந்து வளர்ந்த நீர்நாய் வாயே திறக்கவில்லை. அதனிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

மீன் பிடித்துக்கொண்டு திரும்பிய ஆலா, கழிமுகத்தின் உட்பக்கம் அந்தப் படகைக் கண்டது. கண்டல் மரங்களுக்கு நடுவே படகு நின்றிருந்தது. பயணிகள் மூவரும் இறங்கத் தயாராக இருந்தார்கள். மரத்தடியில் நின்றிருந்த ஒரு கொக்கு மரியாதையாகத் தலையசைத்தது.

"வாங்க, வாங்க! போன வாரம்கூட ஒரு எருமைக் கூட்டம் வந்துட்டுப் போச்சு" என்றது கொக்கு.

மயிலின் முகம் சுருங்கிவிட்டது. "எருமை வந்த இடமா? எங்களுக்கு வேண்டாம்! படகைத் திருப்பச் சொல்லுங்க, கேப்டன்!"

"ஒண்ணும் கவலைப்படாதீங்க!" என்றது நரி. "நாளைக் காலையில தண்ணி ஏறினதும் வெளியில இருக்கிற மணல் திட்டுல இறங்குறோம். அங்க ஒரு ஈ எறும்புகூட வந்ததில்ல!"

ஆலா அலகில் பிடித்திருந்த மீன் நழுவி விழுந்தது. அதை எடுக்கக்கூட நினைவில்லாமல் திட்டுக்குப் பறந்து வந்தது.

"ஏங்க, கேட்டீங்களா? நாளைக்குக் காட்டுப்பன்றி வந்து இங்க இறங்கப்போகுது!" என்று ஆண் ஆலாவிடம் அழாத குறையாகச் சொன்னது.

"வரட்டும். தலையில நாலு கொத்து கொத்தினா ஓடிடும்" என்றது ஆண் ஆலா.

"அக்கா, நானும் இருக்கேன்! நான் பயங்காட்டுறேன் பாருங்க!" என்று வளையிலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு நண்டு. ஊர் வம்பு எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்கும் நண்டு அது.

மறுநாள் காலை தண்ணீர் ஏறியது. படகும் வந்தது.

சொன்னபடியே ஆண் ஆலா வேகமாக இறங்கி, மந்தியின் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொத்து கொத்தியது.

"ஐயோ! கொத்திடுச்சு! நிஜமாவே கொத்திடுச்சு!" என்று மந்தி கைதட்டிக் குதித்தது. "ஊருக்குப் போய் எல்லாருக்கும் இந்தக் காயத்தைக் காட்டணும்!"

"இதெல்லாம் நான் சொல்லிவெச்ச ஏற்பாடுதான்" என்றது நரி, கொஞ்சமும் கூசாமல்.

ஆண் ஆலாவுக்கு அவமானமாகிவிட்டது. திரும்பிப் போய் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து நண்டு இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு ஓடியது. "வராதீங்க! வராதீங்க! பாம்பு இருக்கு! கடிச்சா பிழைக்கவே முடியாது!"

"பாம்பா? எத்தனை? எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லு!" என்று காட்டுப்பன்றி படகின் விளிம்புக்கே வந்துவிட்டது.

பயந்து ஓடுவார்கள் என்று பார்த்தால் இவர்களுக்கு ஆசைதான் கூடுகிறது! நண்டு கொடுக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. "அக்கா, இது என்ன பிறவிங்க?"

ஆலாவுக்குக் கொக்கின் ஞாபகம் வந்துவிட்டது. கொக்கு மிரட்டவில்லை, கொத்தவில்லை. வாங்க என்றுதானே சொன்னது? அதற்கே ஓடினார்களே!

ஆலா முட்டைகளை விட்டு எழுந்தது. நேரே தண்ணீர் ஓரம் போய் நின்று, இரண்டு சிறகையும் அகல விரித்தது.

"வாங்க, வாங்க! தாராளமா இறங்குங்க! எவ்வளவோ பேர் வந்து போற இடம் இது. உங்களுக்கு இடமில்லாமலா போயிடும்?"

ஒரு காலைத் தூக்கிய மயில் அப்படியே நின்றது. "எவ்வளவோ பேரா?"

"பின்னே? வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல வருவாங்க. மூணு மாசம் தங்கிட்டுத்தான் போவாங்க. அதோ, அந்த ஓரம் முழுக்க வரிசையா நின்னு ஆடுவாங்க. இளஞ்சிவப்புச் சிறகு, இத்தனை நீளக் கழுத்து! அடேயப்பா!"

"ஆடுவாங்களா? இங்கயா?" மயிலின் தோகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "என்னைவிட நல்லா ஆடுவாங்களா?"

"அதை நான் எப்படிச் சொல்றது? நீங்க ஒரு தடவை ஆடிக் காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றது ஆலா பணிவாக.

மயில் காலைப் படகுக்குள் இழுத்துக்கொண்டது.

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆலா சொன்னது பூநாரைகளைப் பற்றி. அவை ஆண்டுதோறும் வருகிறவைதான், ஆடுகிறவைதான். பெயரை யாராவது கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருக்கும்.

"திட்டுக் கோடியில நிக்கிற அந்த ஒத்தைப் பூவரச மரத்துலயாவது யாரும் ஏறலையே?" என்று மந்தி ஆவலாகக் கேட்டது.

"அதுலயா? தலைகீழாவே தொங்குவாங்க அம்மா! ஒரு கிளைக்கு நாப்பது பேர்!" என்றது ஆலா. பழந்தின்னி வௌவால்கள் அப்படித்தானே தொங்கும்!

"நாப்பது பேரா? தலைகீழாவா?" மந்தி தலையில் இருந்த காயத்தைத் தடவிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தது.

நரிக்கு வியர்த்துவிட்டது. "நம்பாதீங்க! எல்லாம் பொய்! யாராவது வந்திருந்தா தடம் இருக்காதா?"

"தடம்தானே? கண்ணைத் திறந்து பாருங்க, ஐயா!" என்றது நண்டு.

பார்த்தார்கள். திட்டு முழுக்கத் தடங்கள்! உள்ளான் குருவிகள் நடந்த தடம், நண்டுகள் ஓடிய தடம், ஆமை ஒன்று தன்னை இழுத்துக்கொண்டு போன அகலமான தடம். கால் வைக்க ஓர் இடம்கூடப் புதிதாக இல்லை. மயிலும் மந்தியும் நரியை முறைத்த முறைப்பில், அதன் தாழைத் தொப்பி கண் வரைக்கும் இறங்கிவிட்டது.

ஆனால் காட்டுப்பன்றி அசையவில்லை. "எவன் வந்தா எனக்கென்ன? நான் மண்ணைக் கிளறாம போகமாட்டேன்" என்று தொப்பென்று ஒரு முன்காலை மணலில் வைத்தது.

அந்தக் குளம்புக்கும் முதல் முட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

நாலு நாள், இன்னும் நாலே நாள்! கத்தினால் பன்றி குனிந்து பார்க்கும். பார்த்தால் கிளறும். பாவம், ஆலா சிறகை விரித்தபடியே சிலையாக நின்றது.

நண்டு சட்டென்று பன்றியின் முன்னால் ஓடி வந்தது.

"கிளறுங்க, ஐயா! நல்லாக் கிளறுங்க! ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இங்க வந்து தோண்டிட்டுப் போறவங்க பெரிய கைகாரங்க. துடுப்பு மாதிரி கை, ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டுவாங்க. அதுவும் முதுகுல ஒரு வீட்டைச் சுமந்துக்கிட்டே! அவங்க திரும்பி வந்து நீங்க கிளறினதைப் பார்த்தா, பாவம், ஏதோ தெரிஞ்ச மட்டும் செஞ்சிருக்காருன்னு நினைச்சுக்குவாங்க."

பன்றி யோசித்தது. மூக்கை உறிஞ்சியது. மெல்லக் காலை எடுத்துப் படகுக்குள் வைத்துக்கொண்டது.

"இந்த மண்ணு சரியில்ல" என்றது.

ஆலா அப்போதுதான் விரித்த சிறகை மடக்கியது.

"சரி, யாருமே போகாத இடம் இங்க ஒண்ணுமே இல்லையா?" என்று நரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது.

"இருக்கே! அதோ, எதிர்ப்பக்கத் திட்டு. அங்க யாருமே கால் வைக்கிறதில்ல. ஏன்னா..." என்று ஆலா தொடங்கியது.

"ஏன் எதுக்குன்னு கேட்கிறவங்க நாங்க இல்ல!" என்று கத்தியது நரி. "கேட்டீங்களா? யாருமே கால் வைக்காத இடம்! தள்ளு படகை!"

நீர்நாய் ஒன்றும் பேசாமல் படகைத் தள்ளியது.

ஆலா சொல்ல வந்தது இதுதான். அது மணல் திட்டு அல்ல, சேற்றுத் திட்டு. மேலே முழங்கால் தண்ணீர், கீழே இடுப்பளவு சேறு. படகு போய்ச் சேர்ந்ததும் கடல் தண்ணீர் இறங்கி, படகு சேற்றில் தட்டி நின்றது. மயிலும் மந்தியும், நான் முந்தி, நீ முந்தி என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் குதித்தன. பிறகு கேட்கவா வேண்டும்! மயிலின் தோகை சேற்றில் பரந்து கிடந்தது. மந்தி கழுத்து வரை கருப்பானது. நரியின் தொப்பி தனியாக மிதந்து போனது. பன்றி மட்டும் மல்லாந்து படுத்து, "ஆகா! இதுவல்லவா கரை!" என்று புரண்டது. மறுபடி தண்ணீர் ஏறும்வரை, பொழுது சாயும்வரை, அவர்கள் அங்கேயே கிடந்தார்கள்.

நீர்நாய் மட்டும் நீந்திக்கொண்டு மணல் திட்டுக்கு வந்தது. கரையேறாமல் தண்ணீரிலேயே நின்றது.

"மூணு முட்டையும் பத்திரமா இருக்கா?" என்று கேட்டது.

ஆலா திடுக்கிட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வரும்போதே பார்த்தேன். அதனாலதான் படகை ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். நேரா வந்திருந்தா படகே ஏறியிருக்கும்."

"அண்ணே! அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி, இந்தப் பக்கம் வராமப் பண்ணியிருக்கக் கூடாதா?"

"சொன்னா ஓடிவந்து தொட்டுப் பார்ப்பாங்க, தாயி. மத்தபடி, இந்தக் கரையில யார் யார் இருக்காங்கன்னு என்கிட்ட ஒருத்தர் கேட்கட்டுமேன்னு கிளம்பின நாள்லேர்ந்து பார்க்கிறேன். யாரு கேட்டா?" என்று சிரித்துவிட்டு நீர்நாய் மூழ்கிப் போனது.

நான்காம் நாள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. நண்டு வளைக்கு வளை ஓடிச் செய்தி சொன்னது.

அதே நாள் உள்காட்டில் ஒரே கூட்டம். "யாருமே காணாத கரையைக் கண்டு வந்தோம்! யாருமே மிதிக்காத இடத்தை முதல்ல மிதிச்சோம்!" என்று மயில் முழங்கிக்கொண்டிருந்தது. கழுவிக் கழுவியும் தோகையின் நுனியில் சேறு போகவில்லை.

கூட்டத்திலிருந்த ஒரு முயல் கேட்டது: "அங்க என்ன இருந்துச்சு?"

மயில் நரியைப் பார்த்தது. நரி மந்தியைப் பார்த்தது. மந்தி தலைக்காயத்தைத் தடவியது.

"சேறு!" என்றது பன்றி சந்தோஷமாக.

நான்தான் முதலில் வந்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஊர் சுற்றுகிறவர்களுக்கு, காலடியில் இருப்பதுகூடக் கண்ணில் படுவதில்லை.