முயலுக்குக் கொம்பு கண்ட காவல்

செம்பாறைக் குளத்தைக் காட்டெருமைகள் காவல் காத்தன. கரையில் வாழ்ந்த ஆள்காட்டிக் குருவி சிவலைதான் அவற்றுக்குக் கண். சிறுத்தை தலை தெரிந்தால் போதும், "தித்தீ! தித்தீ!" என்று கூவுவாள். காவல்படை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவரும். தன் குரலுக்கு ஒரு படையே வருகிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் காலையில் கரைப் புல்லுக்குள் ஏதோ அசைந்தது. காவல் தலைவன் கட்டாரி, "யாரது?" என்றுகூடக் கேட்கவில்லை. ஒரே முட்டு! விலக்கிப் பார்த்தால், வாயில் பாதி அருகம்புல்லோடு வெடுக்கன் என்ற முயல் செத்துக் கிடந்தது.

வெடுக்கனின் மனைவி பஞ்சி ஓடிவந்தாள். "புல்லு தின்னது குத்தமா?"

"கொம்பைக் காட்டி மிரட்டினான்!" என்றான் கட்டாரி.

"முயலுக்கு ஏதுங்க கொம்பு? அது காது!"

"விசாரிச்சாத் தெரிஞ்சிடும்!"

விசாரணைக் குழுவில் மூன்று காட்டெருமைகள். மூவரும் கட்டாரியின் மைத்துனர்கள். அசைபோட்டபடியே மதியத்துக்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்: "இறந்த முயலுக்கு இரண்டு கொம்புகள் இருந்தன. இல்லை என்போர் வதந்தி பரப்புவோர்!"

அன்று மாலை பஞ்சியின் குட்டிகள் ஒன்றின் தலையை ஒன்று தடவிப் பார்த்துக்கொண்டன. அதைப் பார்த்த சிவலைக்குக் கழுத்து இறகெல்லாம் சிலிர்த்தது.

"அக்கா, இனிமேலும் அவங்களைக் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டாள் பஞ்சி.

"அவங்களைக் கூப்பிட மாட்டேன். அவங்க வந்தா உங்களைக் கூப்பிடுவேன்!"

மறுநாள் காவல்படை ரோந்து வந்தது. "தித்தீ! தித்தீ!" என்று கூவினாள் சிவலை. நொடியில் கரை காலி! மான்கள் புதருக்குள், குரங்குகள் உச்சிக் கிளையில், ஆமை ஓட்டுக்குள்.

"எங்கே சிறுத்தை?" என்று கட்டாரி சுற்றும் முற்றும் பார்த்தான்.

"குனிஞ்சு தண்ணியில பாருங்க ஐயா, தெரியும்!" என்று மேலேயிருந்து கத்தியது ஒரு குரங்கு. மரத்துக்கு மரம் சிரிப்பு!

பிறகு தினமும் இதே கூத்து. காட்டெருமைகளுக்கும் பழகிவிட்டது. "நம்மளைத்தான் ஏசுறா. பேசாம மேய்ங்க!" என்பான் கட்டாரி.

ஒரு மாதம் போயிருக்கும். நிஜமாகவே சிறுத்தை வந்தது. கட்டாரியின் கடைக்குட்டிக் கன்று தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சிறுத்தை நாணலுக்குள் பதுங்கிப் பதுங்கி அதை நெருங்கியது. சிவலை பார்த்துவிட்டாள். வெடுக்கனைக் கொன்றவன் பிள்ளை! ஒரு கணம் அலகு திறக்கவில்லை. ஆனால் கன்றின் வாயோரம் பால் நுரை இன்னும் காயவில்லை. அது யாரைக் கொன்றது?

"தித்தீ! தித்தீ! தித்தீ!"

ஒரு காட்டெருமையும் தலை தூக்கவில்லை. "இன்னைக்குக் கொஞ்சம் ஓவராத்தான் திட்டுறா!" என்றான் ஒரு மைத்துனன்.

சிவலை சர்ரென்று இறங்கிக் கன்றின் மூக்கில் ஒரு கொத்து கொத்தினாள். கன்று "அம்மா!" என்று அலறித் துள்ளியது. சிறுத்தையின் நகத்தில் நாலு வால்முடிதான் மிஞ்சியது. படை திரண்டு வந்ததும் அது ஓட்டமெடுத்தது.

"ஏ குருவி! சிறுத்தைன்னு சொல்லிக் கூவக் கூடாதா?" என்று கத்தினான் கட்டாரி.

"கொல்ல வர்றவங்களுக்கு என்கிட்ட ஒரே கூவல்தான் ஐயா. உங்களுக்கும் அதுதான், சிறுத்தைக்கும் அதுதான்!"

கட்டாரி திரும்பிப் பார்த்தான். கன்று பயத்தில் புல்லுக்குள் படுத்திருந்தது. புல்லுக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் விறைத்து நின்றன.

அவன் நேரே பஞ்சியின் வளைக்குப் போனான். எல்லோர் முன்னாலும் முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தான். "அது காதுதான் தாயி. பார்க்காம முட்டினேன். பயந்து பொய் சொன்னேன். தலைவன் பதவி எனக்கு இனி வேண்டாம்."

மைத்துனர்களின் அசைபோடல் சட்டென்று நின்றது.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் பஞ்சி. "இனிமே கேக்காம முட்டக் கூடாது. முட்டினா, குளத்துச் சனம்தான் விசாரிக்கும். உங்க மைத்துனருங்க இல்ல!"

"சரி தாயி."

மறுநாள் காலையில் புதிய தலைவி ரோந்து வந்தாள். புல் அசைந்தது. அவள் நின்று, "யாரது?" என்று கேட்டாள்.

"முயல்!"

"தலையில என்ன?"

"காது!" என்று பஞ்சியின் நாலு குட்டிகளும் ஒன்றாகக் கத்தின. குளக்கரையே சிரித்தது. கூவத் திறந்த அலகைச் சிவலை மெல்ல மூடிக்கொண்டாள்.

நீதி: கேட்காமல் கொன்றுவிட்டுப் பொய்யால் மூடும் காவலை ஆபத்திலும் யாரும் நம்ப மாட்டார்கள், செய்த தவறுக்கு மக்கள் முன் பதில் சொல்லும் காவலையே மக்கள் தம்முடையது என்பார்கள்.