கப்பல் அரிசி

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா, அம்மா?" என்று கேட்டான் பரிதி.

தீவுக்குப் பேரரசிடமிருந்து விடுதலை கிடைத்து ஒரு மழைக்காலம்கூட வரவில்லை. அதன் முதல் தூதுவன் அவன். பேரரசின் தலைநகரிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்தான். வீட்டுக்குப் போகாமல், சபையிலிருந்து நேராக, எல்லோரும் அம்மா என்றழைக்கும் துறவி எழினி அடிகளின் மடத்துக்கு வந்துவிட்டான்.

"என்ன கேட்கிறார்கள்?" என்றார் அடிகள்.

"நட்பு."

"கொடியை இறக்கச் சொல்கிறார்களா?"

"இல்லை. கொடி நம்முடையதே பறக்கலாமாம். நாட்டுப் பாட்டும் நம்முடையதே."

"பிறகு?"

"துறைமுகம் அவர்களுக்கு. நாம் யாரோடு பேசலாம், யாரோடு பேசக் கூடாது என்பதையும் அவர்களே சொல்வார்கள்."

அடிகள் கடல் பக்கம் பார்த்தார்.

"போடாவிட்டால் அரிசிக் கப்பல் திரும்பிப் போய்விடும். கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது, அம்மா. சனங்கள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வடக்கே குழந்தைகளைப் புதைக்கக் குழி வெட்டுகிறவர்களுக்கே தெம்பில்லை."

"சபையில் என்ன சொல்கிறார்கள்?"

"உங்களைக் கேட்டுவரச் சொன்னார்கள்."

அவன் குரல் உடைந்தது.

"சிறையில் அவர்கள் போட்ட சோற்றை நீங்கள் தொடவில்லை. செத்தாலும் தொடமாட்டேன் என்றீர்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் எழுந்தோம். இன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னால் போதும். நாடே பட்டினி கிடக்கும்."

"கிடக்கும்," என்றார் அடிகள். "நீ சாப்பிட்டாயா?"

"அதற்கென்ன இப்போது?"

அடிகள் எழுந்து உள்ளே போனார். ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

பரிதி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். ஆவி முகத்தில் பட்டது. கை தானாகக் கிண்ணத்தை உயர்த்தியது.

பாதி குடித்த பிறகுதான் பருக்கைகளைக் கவனித்தான். நீளமாக, வெள்ளை வெளேரென்று இருந்தன. தீவில் விளைவது சிவப்பரிசி மட்டுந்தான்.

"அம்மா, இது..."

"கப்பலிலிருந்து வந்தது. ருசி பார்க்கச் சொல்லி ஒரு மூட்டை அனுப்பியிருந்தார்கள்."

"மடத்துப் பிள்ளைகளுக்காக வாங்கினீர்களா?"

"பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்."

"நீங்கள்?"

"முதலில் குடித்தது நான்தான், பரிதி."

அவன் அடிகளின் முகத்தைப் பார்த்தான். அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.



பிறகு அவன் கிண்ணத்தைத் தூக்கி மிச்சத்தையும் குடித்தான். அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் வழித்துத் தின்றான். கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கிறதா, அம்மா?" என்றான்.