கழுதை வளர்த்த ரோஜாவும் ஆடு சொன்ன யோசனையும்

உப்பளத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் பொதியப்பன் என்றொரு கழுதை இருந்தது. காலையில் உப்பு மூட்டை சுமக்கும். மாலையில் தோப்புக்கு வந்து காலை நீட்டிப் படுக்கும். அதற்கு ஒரே ஒரு குறைதான். கழுதைக்கும் நல்ல வாசனைக்கும் சம்பந்தமே இல்லை என்று உலகத்தில் ஒரு பேச்சு இருக்கிறது அல்லவா, அதைத் தோப்பிலிருந்த அத்தனை பிராணிகளும் வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பேச்சு உங்களுக்கும் தெரியும். அதை இங்கே சொல்லி நானும் பொதியப்பனின் மனதைப் புண்படுத்தப் போவதில்லை.

கழிமுகத்தில் தாழை பூத்தால் ஊரையே கூப்பிடுவார்கள், பொதியப்பனை மட்டும் கூப்பிடமாட்டார்கள். தானாகப் போய் நின்றாலும், "உனக்கு எதுக்குப்பா இந்தச் சிரமம்?" என்று கொக்கு கேட்கும். உடனே எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அது நாட்டாமை நரியிடம் போய் நின்றது. இந்தக் கடற்கரையில் யாரும் முகர்ந்தே பார்த்திராத வாசனையுள்ள பூ ஒன்றைத் தான் வளர்த்துக் காட்டுவதாகவும், அது பூக்கிற அன்று எல்லாரும் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டது. நரிக்குத் தீர்ப்புச் சொல்லிப் பல நாளாகி வாய் நமநமத்துக் கொண்டிருந்தது.

"சரிடே. பொங்கலுக்குள்ள பூக்கணும். பூக்கலைன்னாலும், பூத்து மணக்கலைன்னாலும், அந்தப் பேச்ச நீயே ஊர் நடுவுல நின்னு மூணு தரம் சொல்லணும். உன் சொந்தக் குரல்ல" என்றது நரி.

கடைசி வார்த்தையைக் கேட்டு எல்லாரும் நடுங்கினார்கள். பொதியப்பனின் குரலை மூன்று தரம் கேட்பது ஊருக்கும் தண்டனைதான். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதானே.

பொதியப்பன் மலையடிவாரம் வரை நடந்து, ஒரு மூட்டை உப்பைக் கொடுத்து, அங்கே நாற்றுப்பண்ணை வைத்திருந்த குரங்கிடம் ஒரு ரோஜாச் செடியை வாங்கிவந்தது. அது ஹைப்ரிட் டீ என்கிற உயர்ந்த வகை ரோஜா என்றும், ஆப்ரிகாட் பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும் என்றும், பூத்தால் தெருமுனை வரை மணக்கும் என்றும் குரங்கு சொல்லியிருந்தது. தினமும் நல்ல தண்ணீர் ஊற்று, உப்புக்காற்று படாமல் பார்த்துக்கொள் என்றும் சொன்னது. உப்பு மூட்டை கைக்கு வந்ததும் அதன் பேச்சு நின்றுவிட்டது.

ஆப்ரிகாட் என்ற பழத்தைக் கடற்கரையில் யாரும் பார்த்ததில்லை. வேகவைத்த இறால் நிறமாக இருக்கும் என்றது கொக்கு. அதைக் கேட்ட இறால்கள் தண்ணீருக்குள் முங்கிவிட்டன.

கழுதை அந்தச் செடியை வளர்த்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். உப்பு மூட்டையோடு போய்ச் செம்மண் மூட்டையோடு திரும்பியது. ஊற்றுத் தண்ணீரை வாயில் மொண்டுவந்து இலை இலையாகக் கழுவியது. உரத்துக்கு அது வெளியே போகவே இல்லை, எல்லாம் வீட்டுத் தயாரிப்பு. காற்றைத் தடுக்கப் பனையோலைத் தட்டி கட்டிப் பார்த்தது. கடல்காற்று தட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு தானே தட்டியாக நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்தால் செடிக்கும் கடலுக்கும் நடுவே குறுக்காக நிற்கும், அசையாது. நின்று நின்று கடலைப் பார்த்த பக்கம் முழுக்க உப்புப் பூத்து வெளுத்துவிட்டது. ஊரைப் பார்த்த பக்கம் சாம்பலாகவே இருந்தது. தோப்புக்குப் புதிதாக வந்தவர்கள், இங்கே இரண்டு கழுதைகள் இருக்கின்றன என்று ஊரில் போய்ச் சொன்னார்கள்.

இவ்வளவு செய்தும் செடி முகம் கொடுக்கவில்லை. உச்சியில் இரண்டு கிளை, செம்பு நிறத்தில் நாலைந்து இலை, அவ்வளவுதான். கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்படியிருக்கும்போது ஒரு நாள் தண்டின் அடியிலிருந்து தளதளவென்று ஒரு தளிர் கிளம்பியது. நேற்றுப் பார்த்ததற்கு இன்று ஒரு விரல் கூடுதலாக இருந்தது. பொதியப்பனுக்கு உயிர் வந்தது.

சுமை தூக்கிப் பிழைக்கிற பிராணிக்கு உழைப்பாளியைக் கண்டால் பிடிக்கும், சும்மா இருப்பவனைக் கண்டால் ஆகாது. அடியிலிருந்து வந்ததற்கு 'உழைப்பாளி' என்று பேர் வைத்தது. மேலே இருந்த கிளைகளுக்கு 'மைனர்' என்று பேர் வைத்தது. அன்று முதல் உழைப்பாளிக்குத் தட்டிக்கொடுத்தலும் மைனருக்குத் திட்டுமாக நாள் போயிற்று.

அப்போதுதான் தழையம்மாள் வந்தாள். தழையம்மாள் ஒரு வெள்ளாடு. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் ரோஜா வைத்தாலும் அது கடைசியில் தழையம்மாள் வயிற்றில்தான் பூக்கும். அவள் செடியை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. தண்டுல ஒரு முடிச்சு இருக்குல்லா? அதுக்கு மேல இருக்கதுதான் உன் ரோஜா. கீழ இருக்கது காட்டு ரோஜா. காட்டு வேர்ல நல்ல ரோஜாவ ஒட்டுக் கட்டியிருக்காவ. கீழ கெளம்புறத வளரவிட்டா மேல உள்ளத பட்டினி போட்டே கொன்னுரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தின்னு பாத்தா தெரியாதா? மேல் இலை இனிக்கும், கீழ் இலை துவர்க்கும்."

"எப்போ தின்ன?"

"அத விடு. நீ ஒண்ணும் செய்யாண்டாம். கீழ உள்ளத மட்டும் நான் தின்னு தந்துருதேன். சும்மாதான், ஒரு உதவிக்கு."

இதைச் சொல்லும்போது தழையம்மாளின் வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக வடிந்து மணலில் விழுந்தது. பொதியப்பன் அந்த எச்சிலைப் பார்த்தது. அவ்வளவுதான், அவள் சொன்ன ஒரு வார்த்தையும் அதன் காதில் நிற்கவில்லை.

"உங்க குலமே இப்படித்தான். பச்சையா எதைப் பாத்தாலும் வாய் வச்சாகணும். அதுக்கு ஒரு நியாயம் வேற" என்று காலைத் தூக்கி உதறியது. ஒரு பேச்சால் வாழ்நாள் முழுக்க நொந்துபோன கழுதைக்கு, ஆட்டின் குலத்துக்கு ஒரு பேச்சைக் கண்டுபிடிக்க நொடி நேரம்கூட ஆகவில்லை.

தழையம்மாள் விடவில்லை. மறுநாள் வந்து, எச்சில் தெரியாமலிருக்க முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு அதே யோசனையைச் சொன்னாள். அதற்கடுத்த நாள் வாயில் ஆலிலையைக் கவ்விக்கொண்டு சொன்னாள். எச்சில் வடியவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்று ஒரு எழுத்தும் புரியவில்லை.

கார்த்திகை முடியப் போனது. உழைப்பாளி பொதியப்பனின் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. மைனர் அத்தனை மாதம் தின்று தீர்த்து மிளகளவில் ஒரே ஒரு மொட்டு வைத்திருந்தது. இந்த மிளகை வைத்துக்கொண்டு நான் எப்படி ஊரைக் கூட்டுவேன் என்று கழுதை பதறியது. உழைப்பவன் சோற்றை இவன் பிடுங்கித் தின்கிறான், அதனால்தான் உழைப்பாளி இன்னும் பூக்கவில்லை என்று முடிவுகட்டி, மைனரை முடிச்சோடு சேர்த்துக் கடித்து எடுத்துவிட்டது. அப்படியே அதை, அன்றும் வந்து நின்ற தழையம்மாள் முன்னால் வீசியது.

"இந்தா, தின்னுட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வராதே."

"அய்யோ தம்பி, இதுதான்டே அந்த ரோஜா!" என்றாள் தழையம்மாள், மென்றுகொண்டே. அவள் கண்ணில் நீர் வழிந்தது. "மொட்டுலயே எப்படி மணக்கு பாரு. பாவி, இதப் போயி எங்கிட்ட குடுத்துட்டியே" என்று அழுதாள், தின்றாள், மறுபடி அழுதாள். அந்த அழுகையைக் கழுதை நம்பவில்லை. வாய் நிறைய இலையை வைத்துக்கொண்டு அழுதால் யார்தான் நம்புவார்கள்?

பொங்கலன்று உழைப்பாளி பொதியப்பன் உயரத்துக்குப் புதராக நின்றது. மேலெல்லாம் முள். கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூக்கள். ஊரே கூடியது. நரி முகர்ந்தது, தும்மியது, மறுபடி முகர்ந்தது. உடும்பு நாக்கை நீட்டிப் பார்த்தது. கொக்கு அலகைப் பூவுக்குள் விட்டு வெகுநேரம் எடுக்கவில்லை, முள்ளில் மாட்டிக்கொண்டதாம். வாசனை வந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியாகப் பொதியப்பன் முகர்ந்தது. ஒரு துளி மணமும் இல்லை என்பது அதற்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. தன் மூக்கு எவ்வளவு நல்ல மூக்கு என்பது அதற்கு அன்றுதான் உறுதியானது. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள அது நேரமல்ல.

"ஆரம்பிப்பா" என்றது நரி.

கழுதை ஊர் நடுவில் நின்று அந்தப் பேச்சைத் தன் வாயால் சொன்னது. முதல் தரம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். இரண்டாம் தரம் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாம் தரம் சொல்லும்போது நண்டுகள் வளைக்குள் போய்விட்டன, நாட்டாமை உப்பு மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்தது. சொல்லி முடித்ததும் பொதியப்பன் அழுதது. அவமானம் தாங்காமல் அழுதது.

எல்லாரும் கலைந்த பிறகு தழையம்மாள் மட்டும் நின்றாள். புதரைப் பார்த்தாள், வாய் வைக்கவில்லை.

"அக்கா, நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தானா?" என்று கேட்டது கழுதை.

"நெசந்தான் தம்பி."

"பின்ன ஏன் எச்சி வடிச்ச? அதப் பாத்துதான நான் நம்பல."

"பசிச்சுது. அதுவும் நெசந்தான்" என்றாள் தழையம்மாள்.

பொதியப்பன் மெதுவாக ஒதுங்கி நின்று, ஆட்டுக்கு வழிவிட்டது.

சொல்கிறவரின் நாக்கில் எச்சில் ஊறுகிறது என்பதற்காக, அவர் சொல்கிற உண்மை பொய்யாகிவிடாது.