பதினாலு கிளிப்பும் ஒரு தேவாங்கும்

ஒரு ஊர்ல ஒரு கொடிக்கயிறு இருந்துது. சிரிக்காத ஷெரின். ராஜா கதைதான் வேணும்னா உங்கம்மாவுக்கு போன் போடு. பெரியம்மாகிட்ட கொடிக்கயிறுதான் இருக்கு. சொல்லட்டுமா? "ம்" கொட்டு.

"ம்."

அந்தத் தெருவுல இந்தப் பக்கம் வேப்பமரம், அந்தப் பக்கம் புளியமரம். முன்னாடி ரெண்டும் தெருவுக்கு மேல கிளையைக் கோத்துக்கிட்டு நின்னுது. அப்புறம் கரண்டு கம்பியில உரசுதுன்னு கரகரன்னு அறுத்துத் தள்ளிட்டாங்க. அதுல யாருக்குக் கஷ்டம்? தேவாங்குக்கு. கண்ணு ரெண்டும் பணியாரம் மாதிரி, கையும் காலும் குச்சி குச்சியா இருக்கும். அதுக்குக் குதிக்கத் தெரியாது. ஒண்ணைப் பிடிச்சாதான் இன்னொண்ணை விடும். படுத்திருக்கிறது இந்த மரத்துல, பூச்சி தின்றது அந்த மரத்துல. நடுவுல ரோடு. என்ன பண்ணும்?

அப்போ தெருப் பொம்பளைங்க கூடினாங்க. எதிர்வீட்டு மைமூன் தேங்காநார்க் கயிறு வாங்கிட்டு வந்தா. நைலான் வழுக்கும்ல? பொன்னுத்தாய் அக்கா ஏணியைப் போட்டு ஏறிட்டாங்க. புளியமரத்துல ஒரு முடிச்சு, தெருவைத் தாண்டி, ஒரு வீட்டு மொட்டைமாடிக்கு மேல போய், வேப்பமரத்துல ஒரு முடிச்சு. வாரம் ஒரு வீடு அதை இழுத்துப் பார்க்கணும். அந்த மாடி வீட்டுக்காரி மட்டும் பகல்ல அதுல துணி காயப்போட்டுக்கலாம். ஆனா விளக்கு வைக்கிறதுக்குள்ள எடுத்துடணும். அவ்வளவுதான் சட்டம்.

அந்த மாடி வீட்டுக்காரி இருக்காளே, கான்வென்ட்ல படிச்சவ. வாய் நீளம். பொறுமைன்னா என்ன விலைன்னு கேப்பா.

"உங்கள மாதிரியா பெரியம்மா?"

குறுக்கப் பேசாத. கண்ணை மூடு.

ஒரு நாள் பகல் பூரா கரண்டு இல்ல. ராத்திரி ஏழு மணிக்குத்தான் வாஷிங் மெஷின் ஓடுச்சு. டபுள் பெட்ஷீட். அவ அதை அந்தக் கயித்துலயே, கைப்பிடிச் சுவர்ல இருந்து வேப்பமரம் வரைக்கும் விரிச்சா. காத்துல பறந்துடும்னு பதினாலு கிளிப் வேற. டக், டக், டக். "ஒரு நாள் எடுக்கலைன்னா உலகம் முழுகிடுமா?"ன்னுட்டு, அடுப்புல பாலை வைக்கப் போயிட்டா.

உலகம் முழுகல. ஆனா அம்மாத் தேவாங்கு அதுக்கு முன்னாடியே குட்டியை வேப்பமரத்துல விட்டுட்டுப் புளியமரத்துக்குப் போயிருந்துது. உன் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும் அந்தக் குட்டி. பசிச்சதும் 'ட்சிக், ட்சிக்'னு கூப்பிட ஆரம்பிச்சுது. தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் அம்மாக்காரி கயித்துல வந்துது. முன்னாடி பெட்ஷீட், சொதசொதன்னு ஈரம். கை வழுக்குது. திரும்பிடுச்சு. அப்புறம் மரத்தை விட்டுக் கீழ இறங்கிப் பார்த்துது. மூணு நாய், 'வள் வள்'னு. மறுபடி மேல ஏறிடுச்சு. அப்புறம் நீட்டுச்சு பாரு கையை, கரண்டு கம்பிக்கு!

பொன்னுத்தாய் அக்கா, "ஏய், அது கரண்டு கம்பிடீ!"ன்னு கத்தினாங்க. அதுக்குத் தமிழா தெரியும்? சத்தத்துக்குப் பயந்து கையை இழுத்துக்கிச்சு. மறுபடி கயித்துக்கே வந்து, தெருவுக்கு மேல, பெட்ஷீட் ஓரத்துல நின்னுடுச்சு. கீழ நாய்ங்க.

"அக்கா, பெட்ஷீட்டை எடு! அங்க புள்ள அழுவுது!"ன்னா மைமூன்.

மாடி வீட்டுக்காரி தடதடன்னு ஓடி வந்தா. ஒரே இழுப்பா இழுக்கப் போனா.

"இழுக்காத! கயிறு ஆடுச்சுன்னா நாய் வாயிலதான் விழும்!"ன்னாங்க பொன்னுத்தாய் அக்கா.

அப்போ அவ நின்னா. வாழ்க்கையிலேயே முதல் தடவை மெதுவா ஒரு வேலை செஞ்சா. ஒரு கிளிப்பை எடுத்தா. டக். துணியைக் கொஞ்சம் சுருட்டினா. தேவாங்கு ஒரு கையை முன்னால வச்சுது. இன்னொரு கிளிப். டக். இன்னொரு கை. கீழ அடுப்புல பால் 'புஸ்ஸ்'னு பொங்குது. தீஞ்ச வாசனை மாடி வரைக்கும் வருது. அவ அசையல. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு...

பதினாலாவது கிளிப் வந்ததும் தேவாங்கு அவ மூக்கு முன்னாடியே போச்சு. வேப்பங்கிளையைப் பிடிச்சுது. குட்டி லபக்குனு வயித்துல ஒட்டிக்கிச்சு. 'ட்சிக்' நின்னுடுச்சு.

"பால் போச்சா?"ன்னு மைமூன் கேட்டா.

"போச்சு."

"நல்லா வேணும்"னுட்டு, அரை லிட்டர் கொண்டுவந்து குடுத்தா.

"அப்புறம் ஒரு நாள்கூடத் துணி எடுக்க மறக்கலையா?"

மறப்பேனா? மறப்பாளா?

"பெரியம்மா, என் யூனிஃபார்ம்?"

அதுக்கென்ன?

"கொடியில இருக்கு. நீங்கதான் காயப் போட்டீங்க."

அய்யோ. எழுந்திருக்காத. படு. டார்ச் எங்க? பேசாம படு, வரேன்.

...வந்துட்டேன். ஆறு கிளிப். அவசரமே படல. போதுமா?

"வந்துச்சா?"

புளியமரத்துல ரெண்டு கண்ணு மட்டும் மினுங்குச்சு. இனிமே வரும். கயிறு காலி, கதையும் காலி. தூங்கு.